கைரளி வரவில்லை

(தேசியக் கடற்போக்குவரத்து நாளையொட்டி அலிபிரியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருமலையின் அலிபிரி அடிவாரத்தில் நின்றுகொண்டு சமுத்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன், எதிரே ஏழுமலை நிற்கிறது, காதிலே கோவிந்த நாமம் கேட்கிறது, இங்கே உப்புக் காற்றுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான எண்ணந்தான். ஆயினும், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆந்திர அரசு மாவட்டங்களைப் புதிதாகப் பிரித்தமைத்தபோது, சூலூர்ப்பேட்டைப் பகுதியும் அதையொட்டிய பழவேற்காட்டு ஏரிக்கரையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அப்போது உருவான திருப்பதி மாவட்டத்தில் வந்து சேர்ந்தன. மலையால் மட்டுமே பெயர் பெற்றிருந்த உங்கள் ஊர் அன்றுமுதல் கடலும் உடைய மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. ஆகவே, சமுத்திரத்தின் சுகதுக்கங்களில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லும் உரிமையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி, அந்நியக் கப்பற் கம்பெனிகளே கடலை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், இந்தியருடைய சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' என்னும் கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசியக் கடற்போக்குவரத்து நாளாகத் தேசம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே, தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பலை ஓட்டிக் காட்டினாரே, அந்த நாளை அல்லவா கொண்டாட வேண்டும் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது வேறு விஷயம். புறப்பட்ட கப்பலைக் கொண்டாடும் இந்த நாளிலே, புறப்பட்டுப் போய்ச் சேராத ஒரு கப்பலைப் பற்றி நான் பேசப்போகிறேன். அமங்கலம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கடலிலே போனவனை நினைப்பது கரையிலே இருப்பவனுடைய கடமை.

அந்தக் கப்பலின் பெயர் கைரளி. கேரள மாநில அரசின் கப்பற் கழகம், நார்வே நாட்டில் கட்டப்பட்டுச் சில ஆண்டுகள் ஓடியிருந்த சரக்குக் கப்பல் ஒன்றை விலைக்கு வாங்கி, அதற்குத் தன் தாய்மொழியின் பெயரைச் சூட்டி, மிகுந்த பெருமையோடு கடலில் விட்டது. 1979-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, சனிக்கிழமை, கோவாவிலுள்ள மர்மகோவா துறைமுகத்திலிருந்து சுமார் 20,000 டன் இரும்புத் தாதுவை ஏற்றிக்கொண்டு கைரளி புறப்பட்டது. அரபிக்கடலைக் குறுக்கே கடந்து, ஆப்பிரிக்காவின் ஓரத்திலுள்ள ஜிபூட்டி துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, செங்கடல் வழியே போய், கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்டாக் துறைமுகத்தில் சரக்கை இறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கப்பல் தலைவர், இஞ்சினியர்கள், கம்பியில்லாத் தந்திக்காரர், சமையற்காரர், தளத்து மாலுமிகள் என்று ஐம்பது பேர் அளவில் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் மலையாள நாட்டுப் பிள்ளைகள்.

தென்மேற்குப் பருவக்காற்று முழு வேகத்தில் வீசும் பருவம் அது. கேரளக் கரையிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மழையாகப் பெய்து நமக்கு அன்னமிடுகிற அதே காற்றுதான், சோமாலியக் கரைக்கும் இந்தியக் கரைக்கும் இடையிலுள்ள கடலைப் பகலென்றும் இரவென்றும் பாராமல் குமுறவைக்கிறது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே, ஜூலை 3-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, கைரளியிலிருந்து வழக்கமான செய்தி ஒன்று வந்தது. அதுவே கடைசிச் செய்தி. அபாயம் என்ற கூக்குரல் இல்லை. உதவி வேண்டும் என்ற சங்கேதம் இல்லை. பின்னாளில் தேடியபோதும் ஓர் உயிர்காப்புப் படகோ, ஒரு மிதவையோ, ஓர் உடலோ, இது கைரளியினுடையது என்று சந்தேகமின்றிச் சொல்லத்தக்க ஒரு துண்டு மரமோ கிடைக்கவில்லை. ஐம்பது மனிதரைச் சுமந்த ஓர் இரும்புக் கப்பல் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று.

கப்பல் ஏன் மூழ்கியது என்பது ஒரு கேள்வி. அதைப் பின்னர் பார்ப்போம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஜூலை 3-ஆம் தேதிக்குப் பிறகு, ஒரு நாள் செய்தி இல்லை. இரண்டாம் நாள் செய்தி இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. கரையிலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? காற்றின் கோளாறாக இருக்கும் என்று நினைத்தார்கள். யந்திரத்தின் கோளாறாக இருக்கும் என்று நினைத்தார்கள். நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தார்கள். போய்ச் சேர வேண்டிய ஜிபூட்டியிலிருந்து, கைரளி வரவில்லை என்ற தகவல் வந்தபின்தான் பரபரப்பு உண்டாயிற்று. கடற்படையின் கப்பல்களும் விமானங்களும் தேடக் கிளம்பியபோது, கடைசிச் செய்தி வந்து ஒரு வாரத்துக்கு மேல் கழிந்திருந்தது. பருவக்காற்றுக் கடலில் மிதவையைப் பற்றிக்கொண்டு கிடக்கும் மனிதனுக்கு ஒரு வாரம் என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட வேளைக்கென்றே ஏற்பட்ட நம் கடலோரக் காவற்படை 1978 ஆகஸ்டில்தான் சட்டபூர்வமாக அமைந்தது; கைரளி மறைந்தபோது அந்தப் படைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

அன்பர்களே, இதே அலிபிரியில் தினந்தோறும் நடப்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நடந்து மலையேறும் யாத்திரிகர் தம் மூட்டையைக் கீழே தேவஸ்தானத்தாரிடம் ஒப்படைக்கிறார். ஒரு சீட்டு வாங்கிக்கொள்கிறார். மேலே போய்ச் சீட்டைக் காட்டி மூட்டையைப் பெற்றுக்கொள்கிறார். மூட்டை வந்து சேரவில்லை என்றால், எங்கே என் மூட்டை என்று அந்தக் கணமே குரல் எழும். இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் உள்ள மூட்டைக்கு ஒரு நாள் பொறுப்பவர் எவருமில்லை. ஐம்பது உயிர்களை ஏற்றிய கப்பலுக்கு, நாட்கணக்கில் பொறுத்திருந்தது கரை!

லண்டன் மாநகரில் லாயிட்ஸ் என்னும் கப்பல் இன்ஷூரன்ஸ் மண்டபத்தில் ஒரு மணி தொங்குகிறது. 1799-இல் மூழ்கிய 'லுட்டீன்' என்ற கப்பலிலிருந்து மீட்டெடுத்த மணி அது. வரவேண்டிய கப்பல் தொலைந்தது என்றால் ஒரு முறையும், காணோம் என்றிருந்த கப்பல் வந்து சேர்ந்தது என்றால் இரு முறையும் அதை அடிப்பது அந்த மண்டபத்து வழக்கமாக இருந்தது. எதற்காக? அங்கே கூடியிருந்தவர்கள் கப்பல்களின்மீது பணம் கட்டியவர்கள். ஒரு கப்பலின் மௌனம் எத்தனை நாளானது என்பதைப் பணம் கட்டியவன் நாள்தோறும் கணக்கிட்டான். ஏனென்றால் அந்த மௌனம் அவன் பெட்டியைத் தொட்டது. மகளைக் கட்டிக்கொடுத்தவள்போல மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்த தாய்க்காக எந்த மண்டபத்தில் எந்த மணி தொங்கியது?

இனி, கப்பல் ஏன் மூழ்கியது என்பதற்கு வருவோம். கைரளியின் விஷயத்தில் எந்தக் காரணமும் பிரத்தியட்சமாக நிரூபிக்கப்படவில்லை. கடற்கொள்ளைக்காரர் கவர்ந்து சென்றிருப்பார்கள் என்ற பேச்சுக்கூட அந்நாளில் அடிபட்டது. ஆனால் இரும்புத் தாது ஏற்றும் கப்பல்களின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு ஓர் அனுமானம் எழாமல் இராது. இரும்புத் தாது அளவுக்கு மீறிய கனமுள்ள சரக்கு. சரக்கறையின் அடிப்பாகத்தில் கொஞ்சம் நிரப்பினாலே கப்பல் தாங்கக்கூடிய பாரம் முழுதும் ஏறிவிடும். மேலே அறையின் பெரும்பகுதி வெற்றிடமாகவே கிடக்கும். மேல்மூடி உடைந்தோ பக்கத் தகடு விரிந்தோ கடல்நீர் புகுந்தால், அந்த வெற்றிடம் முழுதும் நீர் நிறையும். முன்னமே பாரத்தில் அமிழ்ந்திருக்கும் கப்பல் நிமிஷக் கணக்கில் போய்விடும். கம்பியில்லாத் தந்திக்காரர் தம் அறைக்கு ஓடி, கருவியைத் தட்டுவதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும்.

மற்றோர் அபாயமும் உண்டு. தூளான தாது மழையில் நனைந்து, அளவுக்கு மேற்பட்ட ஈரத்தோடு சரக்கறைக்குள் போனால், கப்பலின் ஓயாத ஆட்டத்தில் அந்த ஈரம் மேலே கிளம்பி, திடமாக இருந்த சரக்கு குழம்பாகி ஒரு பக்கமாகச் சரியும். சரிந்த பாரம் மறுபடி நடுவுக்குத் திரும்பாது. 2009-ஆம் ஆண்டில், ஜூலையில் மங்களூருக்கு அப்பால் 'ஏஷியன் ஃபாரஸ்ட்' என்ற கப்பலும், செப்டம்பரில் ஒடிசாவின் பாராதீப்புக்கு அப்பால் 'பிளாக் ரோஸ்' என்ற கப்பலும் இந்திய இரும்புத் தூளை ஏற்றிக்கொண்டு இவ்வாறே கவிழ்ந்தன. இரண்டும் மழைக்காலம் என்பதைக் கவனியுங்கள். சுரங்கத்திலிருந்து வந்த தாது துறைமுகத்தில் திறந்த வெளியில் குவிந்து கிடக்க, அதன்மேல் மழை கொட்ட, ஈரம் எவ்வளவு என்று சோதிக்க வேண்டியவர் சோதிக்காமல் கையொப்பமிட, கப்பல் புறப்படுகிறது. அப்படியானால் அந்தக் கப்பல் கவிழ்ந்தது கடலிலா, கரையிலா?

கடலிலே போனவனுக்காகக் காத்திருக்கும் துக்கம் நம் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரை என்றொரு பெண்மணி வருகிறாள். அவள் கணவன் சாதுவன் பொருளையெல்லாம் சூதிலும் தாசியிடமும் இழந்து, வணிகரோடு சேர்ந்து மரக்கலம் ஏறிப் போனான். புயலில் கலம் உடைந்தது. பிழைத்து ஊர் திரும்பிய சிலர், சாதுவனும் மடிந்தான் என்று வந்து சொன்னார்கள். ஆதிரை தீ மூட்டச் செய்து அதில் இறங்கினாள். தீ அவளைச் சுடவில்லை. தீயும் என்னை வெறுத்ததோ என்று அவள் கலங்கி நிற்க, உன் கணவன் உயிரோடு இருக்கிறான், சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் வருவான் என்று வானொலி ஒன்று எழுந்தது. அவ்வாறே அவனும் வந்தான். ஒடிந்த பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் மலையருகே ஒதுங்கிப் பிழைத்தவன் அவன்.

அந்தக் காப்பியத்தைப் பாடிய சாத்தனார் இந்தக் கதையைக் கற்பின் பெருமைக்காகச் சொன்னார் என்பார்கள். இருக்கலாம். எனக்கோ இதில் வேறொன்று தெரிகிறது. பிழைத்து வந்தவர்கள் சொன்ன சாட்சியம் பொய்யாயிற்று என்பதை அந்தப் பெருங்கவி உணர்ந்திருக்கிறார். கண்ணால் காணாத சாவை நிச்சயமென்று ஏற்கவும் முடியாமல், இல்லையென்று தள்ளவும் முடியாமல் ஒரு பெண் நிற்கும் நிலையை அவர் உணர்ந்திருக்கிறார். ஆதிரைக்கு வானொலி கிடைத்தது. கைரளியில் போனவர்களின் மனைவிமாருக்கு எந்த வானொலி கிடைத்தது?

அவர்களுக்குக் கிடைத்தவை சட்டங்கள். கப்பற் சட்டம் என்ன சொல்லிற்று? புறப்பட்ட கப்பலைப் பற்றிப் பன்னிரண்டு மாதங்களாக ஒரு தகவலும் இல்லையென்றால், எல்லா ஆட்களோடும் அது தொலைந்ததாகக் கொண்டு மாலுமிகளின் சம்பளக் கணக்கை முடிக்கலாம் என்றது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் என்ன சொல்லிற்று? ஒருவன் உயிரோடிருந்தால் இயல்பாக அவனைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவன் உயிரோடிருக்கிறான் என்பவனே அதை நிரூபிக்க வேண்டும் என்றது. நம் தர்ம சாஸ்திரக்காரர்களோ, காணாமற்போனவனுக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, அதன்பின் தர்ப்பையாலும் புரச இலையாலும் ஓர் உருவம் செய்து தகனம் செய்யலாம் என்று வழி வகுத்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஓர் ஆண்டு. சொத்துக்கு ஏழு ஆண்டு. கர்மத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு. இந்த மூன்று கெடுவுக்கும் நடுவிலே, நெற்றிக்கு என்ன இட்டுக்கொள்வது என்று தெரியாமல் காலையில் கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு எந்தச் சாஸ்திரத்தில் விடை இருக்கிறது?

இப்போது உங்களை வேறொரு கடலுக்கு அழைத்துச் செல்கிறேன். கைரளி மறைந்த மறு ஆண்டு, 1980 செப்டம்பரில், 'டெர்பிஷைர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் ஜப்பானுக்குத் தெற்கே ஒரு பெரும்புயலில் சிக்கிற்று. கனடாவிலிருந்து இரும்புத் தாது ஏற்றி வந்த கப்பல். டைட்டானிக்கைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பெரியது. கட்டி நான்கே ஆண்டுகள் ஆனது. அதுவும் அபாயச் செய்தி ஒன்றுமில்லாமல் 44 பேரோடு மறைந்தது. பல ஆண்டு கழித்து நடந்த முதல் விசாரணை, இயற்கையின் சீற்றமே காரணமாயிருக்கலாம் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டது.

ஆனால் மாண்டவர்களின் குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பார்லிமெண்டின் கதவைத் தட்டினார்கள். கடல்தொழிலாளர் சங்கங்களின் துணையை நாடினார்கள். தொழிற்சங்கப் பணத்தைக் கொண்டு 1994-இல் நடந்த தேடுதலில், நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் சிதறிக் கிடந்த டெர்பிஷைரைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான புகைப்படங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். கப்பலின் முன்பக்கத்துக் காற்றுக்குழாய்கள் உடைந்து நீர் புகுந்ததும், முகப்பு தாழ்ந்ததும், அலை விழுந்து முதற் சரக்கறையின் மூடி நொறுங்கியதும், ஒன்றன்பின் ஒன்றாக மற்ற அறைகள் நிறைந்ததும் 2000-ஆம் ஆண்டு மறுவிசாரணையில் வெளிவந்தன. இடையில் மாலுமிகள்மீது விழுந்திருந்த பழியும் நீங்கிற்று. தாதுக் கப்பல்களின் மூடிகளுக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்ற விதி உலகம் முழுதும் திருந்திற்று. இன்று அந்த விதியின் கீழ்க் கட்டிய கப்பல்களில் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் எத்தனையோ பேர். உலகத்து மாலுமிகளில் சுமார் பத்தில் ஒருவர் இந்தியர் அல்லவா? யாரோ சில ஆங்கிலத் தாய்மார்கள் விடாமல் கேட்ட கேள்வி, அவர்கள் கண்ணால் கண்டிராத நம் வீட்டுப் பிள்ளைகளைக் காக்கிறது.

காலம் மாறவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. இன்று பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் ஓர் அபாய ஒலிபரப்பி இருக்கிறது. கப்பல் மூழ்கினால், சில மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமே பூட்டைத் திறந்துவிட, அது தானாக மேலே மிதந்து வந்து, இன்ன கப்பல் என்ற அடையாளத்தை வானத்துக்கு அனுப்பும். அந்தக் குரலைக் கேட்கும் கருவிகள் செயற்கைக்கோள்களில் இருக்கின்றன. 2016 செப்டம்பர் 8-ஆம் தேதி விண்ணேறிய 'இன்சாட் 3டிஆர்' அத்தகைய கருவியைச் சுமந்து போயிற்று. எங்கிருந்து போயிற்று? உங்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. ஏவுவதற்கு முன் அதன் மாதிரியை வைத்துப் பிரார்த்திக்க விஞ்ஞானிகள் திருமலைக்கு வரும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இந்த அலிபிரியைக் கடந்துதான் அவர்கள் மேலே போகிறார்கள். ஆதிரைக்குக் கேட்ட வானொலியை ஒருவாறு நாமே செய்து வானில் நிறுத்திவிட்டோம் என்று சொல்லத் தோன்றுகிறது.

காலம் மாறியதன் பயனையும் கண்டோம். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த 'எம்எஸ்சி எல்சா 3' என்ற கப்பல், 640 பெட்டகங்களோடு கேரளக் கரைக்கு அப்பால் சரிந்து மூழ்கிற்று. அதிலிருந்தவர் 24 பேர். அபாயச் செய்தி வந்த அன்றைக்கே கடலோரக் காவற்படை விரைந்தது. 21 பேரை அன்றே மீட்டார்கள். கப்பலைக் காக்க எண்ணித் தங்கிய மூவரை மறுநாள் காலையில் கடற்படையின் 'சுஜாதா' மீட்டது. ஒருவர்கூடச் சாகவில்லை. அதே கேரளம், அதே அரபிக்கடல். இடையிலே 46 ஆண்டுகள், கரை விழித்துக்கொண்டது.

முழுமையாக விழித்துக்கொண்டதா? அதுதான் இல்லை. 2012 அக்டோபர் 31-ஆம் தேதியை நினைவுகூருங்கள். சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பலை நீலம் புயல் இழுத்துவந்து பெசன்ட் நகர்க் கடற்கரையில் தரைதட்டவைத்தது. அந்தக் கப்பல் மௌனமாகவா இருந்தது? எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு நின்றது! புயலுக்கு முன்பே நாட்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்த அதன் ஆட்களுக்குச் சம்பளமும் உணவும் ஒழுங்காகப் போகவில்லை என்ற முறையீடுகள் பின்னர் பத்திரிகைகளில் வந்தன. புயலன்று மாலுமிகள் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள், படகு கவிழ்ந்தது. மீனவர்கள் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் அலையில் பாய்ந்து பலரைக் கரை சேர்த்தார்கள். ஆறு பேர் மாண்டார்கள். நகரத்தின் விளக்கு வெளிச்சம் விழும் தூரத்தில் மாண்டார்கள். அதற்குப் பின்வந்த நாட்களில் ஊரே திரண்டு கடற்கரைக்குப் போயிற்று, கப்பலை வேடிக்கை பார்க்க. சுண்டல் விற்பவருக்கு நல்ல வியாபாரம். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் புயல் வருமுன்பே அந்தக் கப்பலில் சோறு இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. வானத்திலே எத்தனை கருவியை நிறுத்தினாலும், கேட்க வேண்டிய காது கரையிலேதான் இருக்கிறது.

ஆகவே இந்தச் சபையின் முன் ஒரு விண்ணப்பத்தை வைத்து என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என். 32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. ஏழாண்டு கழித்து, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அரசாங்கமே இதை அறிவித்தது. அந்நியர் வந்து கண்டுபிடிக்கவில்லை, நம் நாட்டுக் கழகமே கண்டுபிடித்தது. 1979-இல் நம்மால் முடியாதது இன்று முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

கைரளி கடைசியாகச் செய்தி அனுப்பிய இடம் எது என்பது பதிவாகியிருக்கிறது. போன வழி இன்னதென்று தெரியும். 20,000 டன் இரும்புத் தாதுவைச் சுமந்த உடல் கடலடியில் எங்கோ கிடக்கிறது. அதைத் தேடுங்கள் என்று மத்திய அரசாங்கத்தைக் கேட்போம். கேரளத்தார் மட்டும் கேட்டால் போதாது. கடல் உடைய மாவட்டமாகிவிட்ட நீங்களும் கேளுங்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் யாத்திரிகர்களும் ஊருக்குத் திரும்பியதும் தத்தம் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தக் கப்பலில் போனவர்களின் பிள்ளைகள் இன்று நரைத்த தலையோடு நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் காலத்துக்குள் விடை கிடைக்க வேண்டும்.